குறுக்கே வைத்த ஸ்டூல்

எங்கள் லைனில், ஆள் இல்லாத கடையைப் பகலில் பூட்டும் வழக்கம் கிடையாது. சாப்பிடப் போனாலும், தொழுகைக்குப் போனாலும், பேங்கில் டோக்கன் வாங்கிக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருந்தாலும், வாசலில் ஒரு ஸ்டூலைக் குறுக்கே படுக்கவைத்துவிட்டுப் போய்விடுவோம். ஸ்டூல் கிடந்தால் கடைக்காரர் பக்கத்தில்தான் இருக்கிறார், உள்ளே வராதே என்று அர்த்தம். வந்தவர் வெளியே நிற்பார். அவசரமென்றால் பக்கத்துக் கடையில் சொல்லிவிட்டுப் போவார். ராஜபாளையத்தில் வேறு தெருக்களிலும் இப்படி உண்டா என்று எனக்குத் தெரியாது. நான் கடை போட்ட காலத்திலேயே இங்கே இது இருந்தது.

லைன் என்பது ஒரே கட்டிடத்தில் ஐந்து கடைகள். முதல் கடையில் பாய் குடையும் பள்ளிக்கூடப் பையும் விற்கிறார். அடுத்தது விதைக்கடை. அதை நடத்துபவர் மில்லில் இருபத்தெட்டு வருடம் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். எங்களுக்கு இன்றும் அவர் சூப்பர்வைசர்தான். மூன்றாவது என்னுடைய மோட்டார் ரீவைண்டிங் கடை. சுந்தரபாண்டியம், வ. புதுப்பட்டிப் பக்கமிருந்து கருகிப்போன கிணற்று மோட்டாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். உள்ளே வெந்துபோன செம்புக் கம்பியைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பேன். நான்காவது செல்போன் கடை. அதை நடத்துபவருக்கு முப்பத்தைந்து வயது, லைனில் இளையவர், அதனால் எல்லாருக்கும் தம்பி. ஐந்தாவது கடை போன வருடம் காலியானது. நான் சொல்ல வந்தது அந்த ஐந்தாவது கடையைப் பற்றித்தான்.

நான் குடியிருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்தில். தினமும் காலையில் பஸ். ஒரு நாள் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது மகள் போன் செய்தாள். திருநெல்வேலியில் ஹாஸ்டலில் தங்கி அரசியல் பாடம் படிக்கிறாள்.

"அப்பா, ஒரு அசைன்மென்ட் குடுத்துருக்காங்க. பழமைவாதம் பேசுறவங்க மனுச சுபாவத்தைப் பத்தி என்ன நெனைக்காங்கன்னு எழுதணும். அதுல பல வகை இருக்காம். எனக்கு ஒண்ணும் பிடிபடல. நீங்கதான் பெரிய பழமைவாதியாச்சே, சொல்லுங்க."

எனக்குச் சுருக்கென்றது. "ஏட்டி, யாரப் பாத்து என்ன சொல்லுத? போயி வேலையப் பாரு" என்று வைத்துவிட்டேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தபோது அவள் சொன்னது சரிதான் என்று பட்டது. நான் மட்டுமல்ல, லைனில் நான்கு பேருமே அந்த ரகம். புதிதாக எதையாவது கொண்டுவந்தால் முதலில் முகத்தைச் சுளிப்போம். மனிதனைத் திருத்திப் புது மனிதனாக்கிவிடலாம் என்று யாராவது மைக்கில் பேசினால் நான்கு பேரும் சேர்ந்து சிரிப்போம். ஆனால் ஆளுக்கு ஒரு காரணத்துக்காகச் சிரிக்கிறோம் என்பது எனக்கு அந்த வாரம்தான் தெரிந்தது.

அந்த வாரம்தான் அவன் வந்தான்.

அவன் ஒரு காலத்தில் என் கடையில் ஆறு வருடம் வேலை பார்த்தவன். என்னைவிடப் பத்து வயது இளையவன். கம்பி சுற்றுவதில் அவனைப்போல ஒரு கையை நான் பார்த்ததில்லை. ஊர்க்கதை பேசிக்கொண்டே சுற்றுவான், சுற்று ஒன்றுகூடத் தப்பாது. பதினோரு வருடத்துக்கு முன்னால், அவனுக்கு லீவு விட்டிருந்த ஒரு நாள், வாசலில் ஸ்டூலை வைத்துவிட்டு நான் சாப்பிடப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் செம்புக் கம்பி ரீல்களில் ஏழு குறைந்தது. லைனில் அந்த ஸ்டூலைத் தாண்டிக்கொண்டு ஒருவன் உள்ளே போனது அதுதான் முதல் தடவை.

போலீசில் எழுதிக் கொடுத்தேன். பழைய இரும்புக் கடையில் ஐந்து ரீல் அகப்பட்டது. கொண்டுவந்து போட்டது அவன்தான் என்று அந்தக் கடைக்காரர் சொன்னார். அவனும் மறுக்கவில்லை. ஆனால் ஐந்துதான் எடுத்தேன் என்றான். நான் ஏழு என்று எழுதியிருந்தேன். மீதி இரண்டு எங்கே என்று ஸ்டேஷனில் இரண்டு நாள் கேட்டார்கள். கேட்ட விதத்தில் அவனுடைய இடது கையின் கடைசி இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. எட்டு மாதம் உள்ளே இருந்தான். வெளியே வந்ததும் கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டான் என்று சொன்னார்கள்.

இப்போது என் கடைக்கு முன்னால் வந்து நின்றான். வாசலில் ஸ்டூல் இல்லை, நான் உள்ளேதான் இருந்தேன். இருந்தும் படியேறவில்லை. தலை பாதி நரைத்திருந்தது.

"அண்ணாச்சி, கடைசிக் கடையக் கேட்டிருக்கேன். மிக்ஸி, கிரைண்டர், பேன் ரிப்பேர் பாக்கலாம்னு. அம்மாவுக்கு முடியல, இனிமே ஊரோட இருக்கணும். நீங்க வந்து உக்காந்தாத்தான் எனக்கு அந்தச் சாவி தங்கும்."

இது லைனின் இன்னொரு வழக்கம். புதிதாக ஒருவர் கடை திறந்தால், முதல் நாள் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு டீ குடிக்கும் நேரம் அங்கே போய் உட்கார வேண்டும். அவரவர் கடையில் ஸ்டூலை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும், காவலுக்கு ஆள் போடக் கூடாது. யாராவது ஒருவர் வராவிட்டாலும் கட்டிடக்காரர் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்வார். லைனோடு ஒட்டாத ஒருவருக்கு விட்டு அவர் முன்பு ஒரு தடவை பட்டிருக்கிறார்.

"பாப்போம்" என்றேன். வியாழக்கிழமை திறக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். கையில் நான்கு நாள் இருந்தது. அந்த நான்கு நாளும் டீ நேரத்தில் லைனில் வேறு பேச்சே இல்லை.

பாய் முதல் நாளே போவதென்று முடிவு செய்துவிட்டார். "மனுசன் பலகீனமானவன் அண்ணாச்சி. நீங்க, நான், எல்லாரும் அம்புட்டுதான். ஆசைய முன்னால கொண்டு வச்சா யாருக்கும் கை நீளும். அவன் விழுந்தான், எந்திரிச்சு வாரான். விழுந்ததச் சொல்லிக் காட்டுறது அதவிடப் பெரிய பாவம்."

"அம்புட்டுப் பெரிய மனசு இருக்கவரு, வெளிய தொங்குற குடைக்கெல்லாம் எதுக்குச் சங்கிலி போட்டிருக்கீரு?" என்று சீண்டினேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. "மன்னிக்கிறது வேற, கட்டி வைக்கிறது வேற. அந்தச் சங்கிலி எனக்காக இல்ல. போற வாரவன் விழுந்துரக் கூடாதேன்னுதான்."

தம்பியும் போவதாகச் சொன்னார், ஆனால் பாயின் காரணம் அவருக்குச் சிரிப்பாக இருந்தது. "பாவம் புண்ணியம்லாம் எதுக்கு? எல்லாரும் தன் லாபத்தப் பாக்குற ஆளுதான். அன்னிக்கு அவன்கிட்ட கடை இல்ல, எடுத்தான். இன்னிக்குக் கடை போட்டுட்டான்னா திருடுனா நட்டம் அவனுக்குத்தான். நீங்க யாரும் அவனத் திருத்தவும் வேண்டாம், மன்னிக்கவும் வேண்டாம். தொழில் பண்ண விடுங்க, அவன் லாபமே அவன நேரா நிக்க வைக்கும்."

மற்றவர்களின் சுயலாபத்தில் இவ்வளவு நம்பிக்கை வைத்திருந்த தம்பி, தன் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே இரண்டு கேமரா மாட்டியிருந்தார். அதையும் நான் சொல்லிக் காட்டினேன். என் வாய் அப்படி.

சூப்பர்வைசர்தான் இழுத்தார். அவருக்கு அவன்மேல் கோபமில்லை, ஸ்டூல்மேல்தான் கவலை. "மில்லுல எத்தன ஆயிரம் பேரப் பாத்தேன். மனுசன்னு தனியா ஒருத்தனும் கெடையாதுய்யா. அவன் பழகுன எடம் எதுவோ அதுதான் அவன். சங்கு ஊதுனா எந்திரிக்கான், வரிசையில நிக்கான், அதனால ஒழுங்கா இருக்கான். சங்க நிறுத்திப் பாரும், ஒரு மாசத்துல கெட்டுப் போவான். இந்த ஸ்டூல எவன் கண்டுபிடிச்சான்? ஒருத்தனும் இல்ல. தானா வந்தது. அதுக்குள்ள எம்புட்டோ பேரு புத்தி இருக்கு. இது ஒரு தடவ ஒடஞ்சி, எப்படியோ ஒட்டிக்கிடுச்சி. ரெண்டாந் தடவ ஒடஞ்சா ஒட்டாது."

"அப்போ வேண்டாங்கீரா?"

"அதையும் சொல்லல. உள்ள வந்தாம்னா லைனு அவனப் பிடிச்சு வச்சுக்கிடவும் செய்யும். நட்டப்பட்டவரு நீரு. நீரு போயி உக்காந்தா நானும் உக்காருதேன்."

இப்படியாக மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவனுக்குச் சாவி தங்குவதும் போவதும் என் கையில் வந்து நின்றது.

மறுநாள் காலையில் மகள் மறுபடியும் போன் செய்தாள். இந்தத் தடவை லைனில் நடந்த பேச்சை அப்படியே சொன்னேன். மூன்று பேருக்குமே மனிதன் கோணல்தான், ஆனால் பாய்க்கு அது பிறவியிலேயே உள்ள பலவீனம், வேலியும் வேண்டும் மன்னிப்பும் வேண்டும். சூப்பர்வைசருக்கு, காலம் காலமாக வந்த பழக்கம் பிடித்துவைத்திருக்கும்வரைதான் மனிதன் நிமிர்ந்து நிற்பான். தம்பிக்கு அந்தக் கோணலைச் சரிசெய்யவே தேவையில்லை, அதை வைத்தே வேலை நடக்கும். அவள் டக்டக்கென்று தட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"சூப்பர்ப்பா! இதத்தான் புஸ்தகத்துல பெரிய பெரிய வார்த்தையா போட்டுக் கொல்லுறாங்க. சரி, நீங்க எந்த வகை?"

"பஸ் வந்துருச்சு, பொறவு பேசுதேன்" என்றேன். பஸ் வரவில்லை.

என்னிடமும் ஒரு கொள்கை இருந்தது. பதினோரு வருடமாக அதைத்தான் எல்லாரிடமும் சொல்லிவந்தேன். மனிதன் மாறவே மாட்டான். உள்ளே இருப்பது எப்படியும் ஒரு நாள் வெளியே வரும், பார்த்துப் பழக வேண்டும். புதிதாக வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லி, ரீல்களை வைத்துப் பூட்டும் பீரோவின் சாவியை இடுப்பில் செருகிக் காட்டுவேன். உலகத்தைத் தெரிந்துகொண்ட ஆள் என்று என்னைப்பற்றி எனக்கே ஒரு நினைப்பு.

அந்த நினைப்புக்கு அடியில் இருந்ததை யாரிடமும் சொன்னதில்லை, வீட்டில்கூட. அவன் உள்ளே போய் ஆறு ஏழு மாதம் கழித்து, பொங்கலுக்கு முன்னால் கடைக்கு வெள்ளையடித்தோம். வார்னிஷ் பூசிய மோட்டாரைக் காயவைக்கிற பெரிய தகரப் பெட்டியை அதுவரை நகர்த்தியதே இல்லை. நகர்த்தினால், சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் இரண்டு ரீல் கிடந்தது. மேலே தூசி. என்றைக்கோ அவசர வேலைக்கென்று எடுத்து நானேதான் பெட்டிமேல் வைத்திருக்க வேண்டும், பின்னால் உருண்டுவிட்டது. அவன் ஐந்துதான் எடுத்திருந்தான். முதல் நாளிலிருந்து உண்மையைத்தான் சொல்லியிருந்தான்.

ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அடித்தது அடித்ததுதான், சொல்லி என்ன ஆகப்போகிறது, திருடியதும் உண்மைதானே என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் அந்த இரண்டு ரீலையும் வ. புதுப்பட்டிக்காரர் ஒருவருடைய மோட்டாரில் சுற்றிவிட்டேன். இன்றைக்கும் ஏதாவது ஒரு கிணற்றில் அது தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கும். அன்றிலிருந்துதான் மனிதன் மாறமாட்டான் என்று நான் அடிக்கடி சொல்ல ஆரம்பித்தேன். அவன் பிறவித் திருடனாக இருந்தால்தான் நான் செய்தது சின்னத் தப்பாகத் தெரியும், அதற்காகத்தான் சொன்னேன்.

புதன்கிழமை ராத்திரி எனக்குத் தூக்கமில்லை என்றெல்லாம் எழுத மாட்டேன். நன்றாகத்தான் தூங்கினேன். வியாழக்கிழமை காலையில் அவன் கடை திறந்தான். இரும்பு ரேக், ஒரு மேஜை, இரண்டு ஸ்டூல், சுவரில் ஒரு ஊதுபத்தி. முதலில் பாய் போய் உட்கார்ந்தார், பின்னால் தம்பி. பாய் திரும்பி வந்தபோது முகம் நிறைந்திருந்தது. தம்பி உட்கார்ந்த இடத்திலேயே தன் வீட்டு மிக்ஸியை ரிப்பேருக்குப் பேசிவிட்டு வந்தார். சூப்பர்வைசர் விதைக்கடை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் கடந்தது. அவன் என் பக்கம் திரும்பவில்லை. ஒரு பழைய பேனைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நான்கு மணிக்கு நான் எழுந்தேன். பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினேன். ஸ்டூலை வாசலில் குறுக்கே வைத்தேன். ஐந்தாவது கடைக்கு நடந்தேன், இருபது எட்டுகூட இருக்காது.

"வாங்க அண்ணாச்சி" என்று எழுந்து நின்றான். ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். டீ சொல்லி அனுப்பினான். நான் உட்கார்ந்தேன். அவன் வலது கையால் கம்பியை இழுத்து, இடது கையின் மூன்று விரலில் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தான். மடங்காத இரண்டு விரலும் தனியாக நீட்டிக்கொண்டிருந்தன. முன்பிருந்த வேகம் இல்லை. பேசிக்கொண்டே சுற்றவும் இல்லை, உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தான்.

டீ வந்தது. குடிக்காமல் சொல்லிவிட்டேன்.

"அந்த ரெண்டு ரீலு கடைக்குள்ளதான் கெடந்தது. காயவைக்கிற பெட்டிக்குப் பின்னால. நீ உள்ள இருக்கும்போதே எனக்குக் கெடச்சிருச்சு. நான் யாருகிட்டயும் சொல்லல."

அவன் சுற்றுவதை நிறுத்தினான். கம்பியை ஒரு ஆணியில் மாட்டி வைத்தான். கையை ஓங்கினாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் நான் உட்கார்ந்திருந்தேன்.

"அத அங்க வச்சது நான்தான் அண்ணாச்சி" என்றான். "ஏழும் ஒரே தடவையில தூக்க முடியல. ரெண்ட அங்க ஒளிச்சு வச்சேன், மறுநாள் வந்து எடுத்துக்கிடலாம்னு. அதுக்குள்ள பிடிச்சுட்டாங்க. நீங்க எழுதிக் குடுத்த கணக்கு சரிதான்."

என் மேலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. அதை மறைக்க விரும்பவில்லை. பதினோரு வருடத்துப் பாரம் ஒரு நிமிடத்தில் போயிற்று, டீயை ஒரே மடக்கில் குடித்தேன். அப்போ நான் பொய் எழுதவில்லை, ஏழும் அவன்தான். "சரி, நல்லா ஓடட்டும் கடை" என்று சொல்லி எழுந்தேன். அவன் சிரித்தான். நான் வெளியே வந்ததைப் பார்த்து, விதைக்கடையில் ஸ்டூலைக் குறுக்கே வைத்துவிட்டு சூப்பர்வைசர் எதிரே வந்தார். சாவி தங்கிவிட்டது.

என் வாசலுக்கு வந்து ஸ்டூலை நிமிர்த்தும்போதுதான் உறைத்தது. பெட்டிக்குப் பின்னால் வைத்தேன் என்று முதல் அடியிலேயே சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தால் ஒரு கான்ஸ்டபிள் வந்து எடுத்துப் போயிருப்பார், அதோடு விட்டிருப்பார்கள். எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன் எவனும் இரண்டு விரல் போகும்வரை வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டான். அவனுக்குத் தெரியாது. நான் சொல்லும்வரை தெரியவே தெரியாது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, செய்யாத திருட்டை அந்த இடத்திலேயே தன் தலையில் எடுத்து வைத்துக்கொண்டான்.

பலவீனம், பழக்கம், லாபம், மாறாத பிறவிக்குணம் என்று நான்கு நாள் டீ நேரத்தில் பேசித் தீர்த்தோமே, அதில் எதிலும் இது இல்லை. அவனுக்கு இதில் ஒரு லாபமும் கிடையாது. நான்தான் ஏற்கனவே போய் உட்கார்ந்துவிட்டேனே.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டே கடைக்குள் போனேன். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பீரோவைத் திறந்தேன். ரீல்களை மேலிருந்து கீழாக எண்ணினேன். பன்னிரண்டு. காலையில் இருந்ததும் பன்னிரண்டுதான். நான் போனதிலிருந்து திரும்பும்வரை அவன் என் கண்ணைவிட்டு நகரவே இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எண்ணினேன்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது நானே மகளைக் கூப்பிட்டேன். அசைன்மென்ட் கொடுத்தாயிற்று என்றாள்.

"நான் எந்த வகைன்னு கேட்டீல்ல?"

"ஆமா, சொல்லுங்க. என்ன வகை?"

"எண்ணிப் பாக்குற வகை."

அவளுக்கு விளங்கவில்லை. அப்படி ஒரு வகை புத்தகத்தில் இல்லையே என்று சிரித்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வந்தது. அதை விட்டுவிட்டு, இரண்டு ரீலிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். மறுநாள் லைனில் மூன்று பேரையும் உட்கார வைத்து, அவனையும் கூப்பிட்டு, அதையே சொன்னேன்.